நோய் திரும்பி வந்தால் குற்றவாளி நோயாளியா?

"மருந்தை ஒழுங்காக முடித்தீர்களா?" நோய் திரும்பிய ஒருவர் மருத்துவமனை வாசலை மறுபடியும் மிதிக்கும்போது அவரை எதிர்கொள்ளும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுவே. வடிவில் இது கேள்வி. கேட்கப்படும் தொனியிலோ தீர்ப்பு. "முடித்தேன்" என்று அவர் சொன்னால் எளிதில் நம்பப்படுவதில்லை. சற்றே தயங்கினால் குற்றம் உறுதியாகிவிடுகிறது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் இந்நாட்டில் பயனிழந்து வருவது குறித்த விழிப்புணர்வுச் சுவரொட்டிகளும் மேடைப்பேச்சுகளும் சுட்டுவிரலை நீட்டுவது மீண்டும் மீண்டும் ஒரே ஆளை நோக்கித்தான்: மாத்திரையைப் பாதியில் நிறுத்திய நோயாளி.

இந்தக் குற்றச்சாட்டு அறிவியலின்படி அரைகுறையானது, அறத்தின்படி அநீதியானது. ஒரு வேளைகூடத் தவறாமல் மருந்துண்டவரின் உடலிலும் பாக்டீரியா எஞ்சக்கூடும். அவ்வாறு எஞ்சுபவை அம்மருந்துக்கு எதிர்ப்புத்திறன் பெற்றவையாக இருக்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இது நேற்று முளைத்த கருதுகோள் அன்று. எண்பது ஆண்டுகளாக அறிவியல் ஏடுகளில் பதிவாகியிருக்கும் செய்தி. அச்செய்தி ஆய்வுக்கூடத்தைத் தாண்டி நோயாளியின் படுக்கைவரை வந்து சேராததற்கு நோயாளி பொறுப்பல்லர்.

பென்சிலின் மருத்துவ உலகுக்குள் நுழைந்த தொடக்க நாட்களிலேயே இந்தச் சிக்கல் கண்ணில் பட்டுவிட்டது. 1942-இல் கிளாடிஸ் ஹாபியும் அவருடைய சக ஆய்வாளர்களும், பென்சிலின் பாக்டீரியாக்களில் ஏறத்தாழ 99 விழுக்காட்டைக் கொன்றபின் எஞ்சிய ஒரு விழுக்காடு அசையாமல் நிற்பதைக் குறித்துவைத்தனர். 1944-இல் டப்ளின் நகரின் டிரினிட்டி கல்லூரியைச் சேர்ந்த ஜோசப் பிக்கர், ஸ்டஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவைக் கொண்டு செய்த சோதனைகளை லான்செட் இதழில் வெளியிட்டார். பத்து இலட்சத்தில் ஒன்று என்ற அளவில் சில செல்கள் பென்சிலினில் மூழ்கியும் சாகவில்லை. அவற்றை எடுத்து வளர்த்து, பிறந்த சந்ததியின் மீது மீண்டும் பென்சிலினைச் செலுத்தினார். சந்ததி முன்போலவே மடிந்தது. முன்போலவே மிகச் சில எஞ்சின. ஆகவே தப்பியவை மரபணு மாற்றத்தால் வலிமை பெற்றவை அல்ல என்ற முடிவுக்கு அவர் வந்தார். அவற்றுக்குப் 'பெர்சிஸ்டர்' என்று பெயரிட்டார். தமிழில் அவற்றை 'எஞ்சிகள்' எனலாம்.

எதிர்ப்புத்திறன் கொண்ட பாக்டீரியாவும் எஞ்சியும் ஒன்றல்ல. எதிர்ப்புத்திறன் பெற்ற பாக்டீரியா மருந்து சூழ்ந்திருக்கும்போதே வளர்ந்து பெருகும். மருந்தைச் சிதைக்கும் நொதியோ, மருந்தை வெளியேற்றும் குழாயோ, உருமாறிய இலக்குப் புரதமோ அதனிடம் உண்டு. எஞ்சியிடம் இவற்றில் எதுவும் இருக்கவேண்டியதில்லை. அது வளர்ச்சியை நிறுத்திக்கொண்டோ மிகவும் மெதுவாக்கிக்கொண்டோ கிடக்கிறது. பென்சிலின் வகை மருந்துகள் செல்சுவர் கட்டப்படும் வேலையைக் குலைத்துக் கொல்பவை. சுவரே கட்டாமல் கிடக்கும் செல்லில் அவற்றுக்குக் குலைப்பதற்கு வேலையில்லை. 2004-இல் நத்தாலி பாலபானும் சக ஆய்வாளர்களும் எ.கோலி செல்களை நுண்ணிய கால்வாய்களில் தனித்தனியாக நிறுத்தி, நுண்ணோக்கியின்கீழ்த் தொடர்ந்து கண்காணித்தனர். மருந்து வருவதற்கு முன்பே சில செல்கள் வளர்ச்சியை அடக்கிக்கொண்டிருந்தன என்பதும், பிழைத்தவை அவையே என்பதும் நேரடியாகப் பதிவாயின. ஒரே மரபணுத் தொகுதியும் ஒரே சூழலும் கொண்ட கூட்டத்திலும் சில செல்கள் தற்செயலாக ஒதுங்கிக் கிடக்கின்றன. பேரிடரை எதிர்பார்த்து விதைநெல்லைத் தனியே எடுத்துவைக்கும் குடியானவரின் ஏற்பாட்டைப் போன்றது இது. திட்டமிடும் மூளை மட்டும் இங்கே இல்லை.

மருந்து விலகிய பிறகு நடப்பது இன்னும் கவனத்துக்குரியது. சிகிச்சையின்போது உயிர் தப்புவது கதையின் முற்பாதிதான். அதன்பின் மீண்டெழுவதே நோயைத் திரும்பக் கொண்டுவருகிறது. ஓஃப்ளாக்சசின் போன்ற மருந்துகள் பாக்டீரியாவின் டி.என்.ஏ.வை வெட்டுகின்றன. வளர்ச்சி நின்ற நிலையிலிருந்த எ.கோலி எஞ்சிகளிலும் அந்த வெட்டு விழுகிறது என்றும், மருந்து நீங்கியபின் மீளும் காலத்தில்தான் அவற்றுக்குப் பழுதுபார்க்கும் கருவிகள் தேவைப்படுகின்றன என்றும் 2015-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதாவது அந்தச் செல் சாவதா வாழ்வதா என்பது மருந்து நின்ற பிறகே முடிவாகிறது. அவசரப் பழுதுபார்ப்பில் பிழைகள் நேரும். அப்பிழைகளில் ஒன்று எதிர்ப்புத்திறனாக முடியலாம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் 2017-இல் காசநோய்ப் பாக்டீரியாவில் இதையொத்த ஒன்றைக் காட்டினர்: ஆய்வகத்தில் மருந்தில் நெடுநாள் கிடந்த எஞ்சிகளின் கூட்டத்திலிருந்தே எதிர்ப்புத்திறன் கொண்ட புதிய திரிபுகள் தோன்றின.

அதே 2017-இல் பாலபான் குழு மற்றோர் உண்மையையும் நிறுவியது. மருந்தை இடைவெளிவிட்டுத் திரும்பத் திரும்பச் செலுத்தும்போது பாக்டீரியாவில் முதலில் தோன்றுவது தாக்குப்பிடிக்கும் தன்மை. எதிர்ப்புத்திறன் அதன் தோளில் ஏறி வருகிறது. அதற்கு முன் 2014-இல் அவர்கள் செய்த சோதனை இன்னும் வியப்பூட்டுவது. எ.கோலியை நாள்தோறும் மூன்று, ஐந்து, எட்டு மணிநேரம் என வெவ்வேறு அளவில் ஆம்பிசிலினில் வைத்தபோது, ஒவ்வொரு கூட்டமும் தன் உறக்க நேரத்தைத் தான் சந்தித்த மருந்தின் கால அளவுக்குப் பொருந்துமாறு நீட்டிக்கொண்டது. மருந்தின் குறைந்தபட்சத் தடுப்புச் செறிவோ மாறவேயில்லை.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் வழக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது. இந்திய மருத்துவமனைகளின் நுண்ணுயிரியல் கூடங்கள் எதை அளக்கின்றன? பாக்டீரியாவை அகார் தட்டில் பரப்பி, மருந்து வில்லையை வைத்து, ஓரிரவு கழித்துத் தடை வளையத்தின் விட்டத்தை அளக்கின்றன. அல்லது தானியங்கி இயந்திரத்தில் தடுப்புச் செறிவைக் கணிக்கின்றன. இரண்டும் கேட்பது ஒரே கேள்வி: மருந்து இருக்கும்போது பாக்டீரியா வளர்கிறதா? வளரவில்லை என்றால் அறிக்கையில் 'உணர்திறன் உள்ளது' என்று அச்சாகிறது. வளராத பாக்டீரியா செத்துவிட்டதா, உறங்குகிறதா என்ற கேள்வியை அச்சோதனை கேட்பதில்லை. தடை வளையத்தின் தெளிந்த வட்டத்துக்குள் உயிரோடு கிடக்கும் செல்கள் கண்ணுக்குத் தெரியாமல் தட்டோடு குப்பைக்குப் போகின்றன. நோயாளியின் உடலில் கிடப்பவற்றைக் குப்பையில் போட முடியாது. அவை எழும்போது மருத்துவரின் கையில் 'உணர்திறன் உள்ளது' என்ற அறிக்கை இருக்கிறது. பாக்டீரியா சரி, மருந்து சரி. ஆகவே தவறியவர் நோயாளிதான் என்று கணக்கு நேராக முடிகிறது. சோதனையின் குருட்டுப் புள்ளி இவ்வாறு ஒரு மனிதரின் நடத்தைக் குறைபாடாக மாற்றி எழுதப்படுகிறது.

ஒரு முறை சிறுநீர்ப்பாதைத் தொற்று கண்ட பெண்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு ஆறு மாதங்களுக்குள் அது திரும்புகிறது. எ.கோலி சிறுநீர்ப்பை உட்சுவரின் செல்களுக்குள்ளேயே பதுங்கி வாழ வல்லது என்பது நன்கு நிறுவப்பட்ட செய்தி. ஆயினும் மூன்றாம் முறை வரும் பெண்ணுக்குக் கிடைப்பது பெரும்பாலும் தூய்மை பற்றிய அறிவுரையும், மாத்திரையை விடாமல் உண்ணும்படி ஒரு கண்டிப்பும்தான்.

"ஆய்வுக்கூடத்துக் குடுவையில் நடப்பதை நோயாளியின் மீது ஏற்றலாகாது" என்று மறுப்போர் உண்டு. அவர்களுக்கான விடை காசநோயில் இருக்கிறது. வழக்கமான காசநோய் மருந்துகள் முதல் சில வாரங்களிலேயே சளியிலுள்ள பாக்டீரியாக்களில் மிகப் பெரும்பாலானவற்றைக் கொன்றுவிடுகின்றன. காய்ச்சல் தணிகிறது, பசி திரும்புகிறது, எடை ஏறுகிறது. அப்படியிருக்க ஆறு மாதம் எதற்கு? எஞ்சிய மாதங்கள் முழுவதும் எஞ்சிகளுக்காகத்தான். ஒரு காலத்தில் பதினெட்டு மாதமும் அதற்கு மேலும் நீண்ட சிகிச்சையை ஆறு மாதமாகச் சுருக்கியவை ரிஃபாம்பிசினும் பைரசினமைடும்; மெதுவாக இயங்கும் செல்களையும் எட்டுவது அவற்றின் தனிச்சிறப்பு.

அந்த ஆறு மாதத்தை நான்காகக் குறைக்க மூன்று பெரிய மருத்துவச் சோதனைகள் நடந்தன. 2014-இல் அவற்றின் முடிவுகள் வெளியாயின. புளூரோகுயினலோன் சேர்த்த மருந்துத் தொகுப்பு சளியை விரைவாகத் தூய்மையாக்கும் என்பதே அம்முயற்சிகளுக்கு அடிப்படையாக இருந்த நம்பிக்கை. ஆனால் மூன்றிலும் நான்கு மாதச் சிகிச்சை தோற்றது: சிகிச்சை முடிந்தபின் நோய் திரும்பியோர் எண்ணிக்கை கூடுதலாக இருந்தது. கண்காணிக்கப்பட்ட, நன்கு நடத்தப்பட்ட சோதனைகள் அவை. அங்கே யாருடைய ஒழுக்கக் குறைவைக் காரணம் காட்டுவது? விரைவாகக் கொல்வதும் மிச்சமின்றிக் கொல்வதும் வேறுவேறு என்பதையே அவை கற்பித்தன. அப்பாடத்தை அறிவியல் வீணாக்கவில்லை. ரிஃபாபென்டினும் மாக்சிஃப்ளாக்சசினும் கொண்ட நான்கு மாதத் திட்டம் 2021-இல் வெளியான சோதனையில் ஆறு மாதத் திட்டத்துக்கு ஈடாக நின்றது. நோயாளியைக் கண்டித்துக் கிடைத்த வெற்றி அன்று இது. நல்ல மருந்தைத் தேடிப் பெற்ற வெற்றி.

காசநோயில் நோயாளியைக் குற்றவாளியாக்கும் பழக்கம் சொல்லளவிலேயே வேரூன்றியிருந்தது. இடையில் சிகிச்சை விட்டவரைக் கடன் தவறியவரைச் சுட்டும் 'டிஃபால்ட்டர்' என்ற சொல்லால் பதிவேடுகள் குறித்துவந்தன. உலகச் சுகாதார நிறுவனம் 2013-இல் அதைக் கைவிட்டு, 'தொடர்பு விட்டுப்போனவர்' என்ற பொருள்படும் சொல்லை ஏற்றது. பதிவேட்டில் சொல் மாறியது. சுகாதார நிலையத்து வரிசையில் பார்வை மாறியதா? 2023-இலும் 2024-இலும் நாட்டின் பல பகுதிகளில் காசநோய் மருந்துத் தட்டுப்பாடு குறித்து நோயாளர்கள் குரல் எழுப்பினர். மாநிலங்கள் உள்ளூரிலேயே மருந்து வாங்கிக்கொள்ளலாம் என்று ஒன்றிய அரசு 2024 மார்ச்சில் எழுதவேண்டி வந்தது. நோயாளி ஒரு வாரம் மாத்திரையை விட்டால் அவர் பொறுப்பற்றவர். அரசின் கிடங்கில் மாத்திரை இல்லாமல் போனால் அது வழங்கல் சிக்கல். எஞ்சிகளுக்கு இந்த வேறுபாடு தெரியாது. மருந்து நின்ற நாளில் அவை எழத் தொடங்குகின்றன.

உணவும் இதே கணக்கில் சேர்ந்ததுதான். மருந்து தனித்துநின்று தொற்றை முடிப்பதில்லை. மருந்து குறைத்துவிட்ட கூட்டத்தை முடித்துவைப்பதில் உடலின் நோயெதிர்ப்புக்குப் பெரும்பங்கு உண்டு. ஜார்க்கண்டில் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான 'ரேஷன்ஸ்' ஆய்வு, காசநோயாளிகளின் குடும்பத்தாருக்கு உணவுத் தொகுப்பு அளித்ததால் அவர்களிடையே புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது என்று காட்டியது. நோயாளிகளைப் பொறுத்தவரை, தொடக்க வாரங்களில் எடை கூடியவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. அரசின் ஊட்டச்சத்து உதவி 2018-இல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கி, 2024 நவம்பரில்தான் 1000 ரூபாயாயிற்று. நாள் ஒன்றுக்கு முப்பத்து மூன்று ரூபாய். இதைக் கையில் கொடுத்துவிட்டு, நோய் திரும்பினால் "மாத்திரையை முடித்தாயா?" என்று கேட்பதற்குத் துணிவு வேண்டும்.

நோயாளியின் மீது பழி போடுவதை மறுப்பது, மருந்தைத் தன்விருப்பப்படி நிறுத்தலாம் என்று சொல்வதாகாது. சீட்டின்றி விற்பனையும், சளிக்காய்ச்சலுக்கெல்லாம் அசித்ரோமைசினும், கலவை மருந்துகளின் பெருக்கமும் உண்மையான கேடுகள். 2014 மார்ச் முதல் நடைமுறையிலுள்ள எச்1 அட்டவணை விதிகள் பல மருந்துக்கடைகளில் ஏட்டளவிலேயே நிற்கின்றன. காசநோயாளி பாதியில் நிறுத்தினால் ஆபத்து மிகப் பெரிது. ஆனால் 'கடைசி மாத்திரை வரை' என்ற ஒற்றை முழக்கத்தை எல்லாத் தொற்றுக்கும் பூசுவது மருத்துவம் ஆகாது. அதே போல, 2017-இல் பி.எம்.ஜே. இதழில் சில வல்லுநர்கள் 'முழுக் கால அளவு' என்ற கருத்தையே கேள்விக்குள்ளாக்கியபோது, அதைப் பிடித்துக்கொண்டு "நலமானால் நிறுத்திவிடலாம்" என்று பரப்பியோரும் பிழை செய்தனர். பல சாதாரணத் தொற்றுகளில் குறுகிய சிகிச்சை போதும் என்பது சோதனைகளால் தெளிந்தது. எலும்பிலும் இதயத் தடுக்கிதழிலும் காசநோயிலும் அது போதாது என்பதும் அவ்வாறே தெளிந்தது. எத்தனை நாள் என்பதை அந்தந்தத் தொற்றில் எஞ்சுபவை எத்தனை, எப்போது எழுகின்றன என்ற அளவீடு சொல்லவேண்டும், முழக்கம் சொல்லக்கூடாது.

"அடிப்படை வளர்ப்புச் சோதனைக்கே வழியில்லாத மாவட்ட மருத்துவமனைகளில் இந்த ஆடம்பரம் எதற்கு?" என்பது அடுத்த மறுப்பு. பாலபான் குழுவினர் 2017-இல் வெளியிட்ட எளிய முறையே இதற்கு விடை. வழக்கமான வில்லைச் சோதனையை அப்படியே செய்து, தடை வளையம் தோன்றியபின் மருந்து வில்லையை எடுத்துவிட்டுக் குளுக்கோஸ் தோய்ந்த வில்லையை அதே இடத்தில் வைக்கவேண்டும். உறங்கிக் கிடந்தவை ஊட்டம் கண்டு எழுந்தால், தெளிந்த வளையத்துக்குள் புள்ளிகளாகக் காலனிகள் முளைக்கும். தேவைப்படுபவை ஒரு வில்லையும் இன்னும் ஓர் இரவும். புதிய இயந்திரமோ இறக்குமதி வேதிப்பொருளோ வேண்டாம். எல்லா நோயாளிக்கும் இதைச் செய்யவேண்டும் என்பதில்லை. உணர்திறன் இருந்தும் நோய் திரும்பியவர்களின் மாதிரிகளிலாவது முயன்று, அந்த முடிவு இந்நாட்டு நோயாளிகளுக்கு எந்த அளவுக்குப் பயன்படும் என்று ஆராயலாமே. ஐ.சி.எம்.ஆர். 2013-இல் தொடங்கிய கண்காணிப்பு வலையமைப்பும், 2017-இன் தேசியச் செயல்திட்டமும் எதிர்ப்புத்திறனின் விழுக்காட்டை மையமாக வைத்தே எழுந்தவை. அது வேண்டிய பணி, பாராட்டுக்குரிய பணி. ஆனால் அளக்கப்படாத ஒன்றுக்குக் கொள்கை ஆவணத்தில் இடம் கிடைப்பதில்லை, நிதியும் கிடைப்பதில்லை.

இத்துறையின் ஆய்வு மெதுவானது என்பதையும் நிதி வழங்குவோர் உணரவேண்டும். பத்து இலட்சத்தில் ஒன்றைத் தேடுவதும், அது விழிப்பதற்குக் காத்திருப்பதும் ஓராண்டு அறிக்கைக்குள் அடங்கும் வேலை அல்ல. அவசரமும் பெரும் கோட்பாட்டின் கவர்ச்சியும் என்ன செய்யும் என்பதற்கு இத்துறையிலேயே சான்று உண்டு. எஞ்சிகள் உருவாகும் முறையை ஒரே நேர்க்கோட்டில் விளக்கிய, பெரிதும் மேற்கோள் காட்டப்பட்ட ஆய்வுகள், சோதனைக்குரிய பாக்டீரியாவில் வைரஸ் கலப்படம் இருந்தது தெரிந்தபின் 2018-இல் திரும்பப் பெறப்பட்டன. கலப்படத்தைக் கண்டறிந்து வெளியிட்டோரில் அந்த ஆய்வுகளோடு தொடர்புடையோரும் இருந்தனர். தன் முடிவு தவறாகும்போது அறிவியல் தன் கருவியைத்தான் முதலில் சோதிக்கிறது. மருத்துவ அமைப்பு தன் சிகிச்சை தவறும்போது ஏன் நோயாளியை முதலில் சோதிக்கிறது?

1950-களின் பிற்பகுதியில் சென்னையில் ஒரு சோதனை நடந்தது. ஏழைக் காசநோயாளிகளை வீட்டில் வைத்து மருந்து கொடுத்தால் ஒழுங்காக உண்ணமாட்டார்கள், நலிந்த உணவும் நெரிசலான வீடும் சிகிச்சையைக் கெடுத்துவிடும் என்ற அச்சம் அன்று பரவலாக இருந்தது. சோதனையின் முடிவு 1959-இல் வெளிவந்தது: வீட்டில் மருந்துண்டவர்கள் சானடோரியத்தில் படுத்தவர்களுக்கு ஏறத்தாழ ஈடாகக் குணமடைந்தனர். உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சை வீட்டுக்கு வந்ததில் அந்த முடிவுக்குப் பெரும்பங்குண்டு. ஏழையை நம்பாமல் இருப்பதற்கு அன்று சொல்லப்பட்ட காரணம், அளந்து பார்த்ததும் உதிர்ந்தது.

தீயையும் கடனையும் பகையையும் மிச்சம் வைக்கலாகாது என்பது தமிழர் நாவில் பழகிய அறிவுரை. மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கவேண்டிய பொறுப்பு நெருப்பை அணைக்க வந்தவருடையது. வீடு எரிந்தவருடையது அன்று. நோய் திரும்பி வந்தவரிடம் கேள்வி கேட்கட்டும். அது மருத்துவரின் கடமை. ஆனால் அதே நாளில் தட்டிடமும் கிடங்கிடமும் கேட்கட்டும்: வளையத்துக்குள் எவையேனும் உயிரோடு கிடந்தனவா? மாத்திரை எல்லா நாளும் கையிருப்பில் இருந்ததா? இவ்விரண்டுக்கும் விடை எழுதப்படாத நோய்க்குறிப்பில் 'மருந்தை முறையாக உட்கொள்ளவில்லை' என்று எழுத எந்தப் பேனாவுக்கும் உரிமையில்லை.